பன்னிரண்டு மணிச் சோறு

கிரேன் கேபினுக்குப் போகும் ஏணியில் நாற்பத்திரண்டு படிகள். பதினாறு வருடம் எண்ணாமலே ஏறினேன். போன வருடம் சித்திரை வெயிலில், மதிய ஷிப்ட் தொடங்குகிற நேரம், இருபத்தாறாவது படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான் எண்ணத் தொடங்கினேன். கால் வலிக்கவில்லை. வயிறுதான் எனக்கு முன்னால் போய் ஏணியில் இடித்து, உடம்பை வெளியே தள்ளியது. எனக்கும் ஏணிக்கும் நடுவில் இன்னொருவன் வந்து நுழைந்துகொண்ட மாதிரி இருந்தது.

கீழே நின்றவர் எங்கள் ரிக்கர். கொக்கியில் சங்கிலி மாட்டிவிட்டு, மேலே இருக்கிற எனக்குக் கையால் சைகை காட்டுகிறவர். மண்ணூர்க்காரர், என் வயதுதான். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் பத்து வருடமாக அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மச்சான்.

"இன்னா மச்சான், நடுவுல நின்னுக்கினு கீற? மேல போறியா, எறங்கறியா?"

"இரு, ஷூ லேஸ் அவுந்துட்ச்சு."

"ஷூ லேஸா? ஒன் ஷூவ நீ பாத்து எத்தினி மாசம் ஆவுது? சொல்லு, பக்கத்து ஷெட்டு கிரேன கூப்ட்டு ஒன்னியத் தூக்கி வச்சிடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவும் கொஞ்சம் மூச்சு தேவைப்பட்டது.

ஒரகடத்தில் காருக்கு வேண்டிய கதவும் கூரையும் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் அச்சு, ஒவ்வோர் அச்சும் ஒரு லாரி கனம். அதை அடுக்கிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் பிரஸ்ஸில் இறக்க வேண்டும், பழையதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் மஞ்சள் தலைக்கவசங்களாகிவிடுவார்கள். எரிந்து விழுகிற சூப்பர்வைசரும் சட்டைப் பொத்தான் அளவுதான். பிரஸ் அடிக்கிற சத்தம் காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்துவிடும். மாலை ஐந்தரைக்கு மேற்குச் சுவரின் உச்சியில் இருக்கிற சன்னல் வழியாக ஒரு வெளிச்சம் உள்ளே சரியும். தகட்டு அடுக்குகளின் மேல் பட்டு, பட்ட இடமெல்லாம் மினுங்கி, கூடம் முழுவதும் ஒரு பத்து நிமிடம் ஏரித் தண்ணீராகிவிடும். கீழே நிற்கிற யாருக்கும் அது தெரியாது. மாதச் சம்பளம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான், மீதி நேரமெல்லாம் சும்மா செய்து கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு.

அந்த மாதமே ஆண்டு மெடிக்கல் வந்தது. எடை தொண்ணூற்றாறு. சர்க்கரையும் கோட்டைத் தாண்டியிருந்தது. கம்பெனி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: மூன்று மாதம் நேரம். சர்க்கரை கீழே வர வேண்டும், எடை இறங்குமுகத்தில் இருக்க வேண்டும், வெளியில் ஒரு டாக்டரிடம் தொடர்ந்து காட்டி அவர் கையால் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் போட்டுவிடுவார்கள்.

ஸ்டோர்ஸ் சன்னல் இல்லாத அறை. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கையுறை, போல்ட், எண்ணெய் துடைக்கிற பழந்துணி, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் குறையாது என்றார்கள். குறைந்திருந்தாலாவது வாய்விட்டுப் புலம்பியிருக்கலாம். வெளிச்சம் போகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கிரேனில் கொக்கி ஓர் அளவுக்கு மேல் ஏறினால் தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அது வேலை செய்கிறதா என்று பார்த்துத் தாளில் டிக் அடிக்க வேண்டும். பதினாறு வருடம் தவறாமல் டிக் அடித்தவன், என் வாய்க்கு அப்படி ஒன்று உண்டா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் குன்றத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். என் மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், செல்போனுக்கு உதிரி பாகம் பொருத்துகிற கம்பெனியில் வேலை. நின்றபடியே நாள் முழுதும். அவளுடைய பஸ் தெருமுனைக்கு விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். எனக்கு மாதத்தில் பாதி பி ஷிப்ட்: மதியம் இரண்டரைக்கு உள்ளே போனால் இரவு பதினொன்றுக்கு வெளியே, வீடு சேரப் பன்னிரண்டு. நான் கிளம்புகிறபோது அவள் அங்கே லைனில். அவள் திரும்புகிறபோது நான் இங்கே கூரையடியில். அந்த இரண்டு வாரமும் ஞாயிறு தவிர, நாங்கள் விழித்த கண்ணோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம் அரை மணிதான். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை. நடுவில் சோறு.

எட்டு வருடத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு நள்ளிரவில் படியேறி வந்தேன். கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன.

"சாப்ட்டீங்களா?"

ஏழரைக்கே கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். அந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"ஏன், கேன்டீன்ல போடறதில்லியா?"

"அத மனுசன் துன்னுவானா?"

அவ்வளவுதான் நடந்தது. சொன்ன சொல்லை எட்டு வருடம் காப்பாற்றினேன். என் கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்புகிற ஹாரன் கேட்டதும் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். நான் மூன்றாவது மாடி ஏறுவதற்குள் ரசம் நுரை கட்டியிருக்கும். கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம், சில நாள் முட்டைப் பொரியல். உள்ளறையில் மகள் மின்விசிறிக்கு அடியில் தூங்க, நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். லைனில் எந்தப் பெண் மயங்கி விழுந்தாள், எந்தச் சூப்பர்வைசர் யாரை என்ன சொன்னான், வீட்டுக்காரர் மோட்டார் போட ஏன் தாமதம். ரசம் ஊற்றுகிறபோது மகளைப் பற்றியும், மோர் ஊற்றுகிறபோது எங்களைப் பற்றியும் பேச்சு வரும். மூன்றாவது தடவை சோறு போட்டால் இன்னும் ஐந்து நிமிடம் உட்காரலாம், அதற்காகவே தட்டை நீட்டியிருக்கிறேன். பிறகு அந்த வயிற்றோடு அப்படியே படுக்கை. எட்டு வருடத்தில் இருபத்தோரு கிலோ. எப்படி ஏறியது என்று யாராவது கேட்டால், வயசாகுதில்ல, என்பேன்.

குன்றத்தூரில், மலைக்குப் போகிற தெருவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனோம். டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவாரு?"

"பி ஷிப்ட்னா பன்னெண்டு ஆவும் டாக்டர். அது வரிக்கும் வெறும் வயிறு. நாலு மணி டீயோட சரி. பாவம்."

"கம்பெனியில கேன்டீன் இல்லையா?"

"கீது டாக்டர். வாயில வைக்க முடியாதாம். இவரு அந்தப் பக்கமே போவ மாட்டாரு."

டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

மேலே மின்விசிறி டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸ் அறையின் கம்பி வலை ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"சாப்பிடறேன்" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"என்ன சாப்பிடுவீங்க?"

"சோறுதான். சாம்பார், ரசம், மோரு. ரெண்டு வாட்டி வாங்கிப்பேன்." தொடங்கியாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது? "வியாழக்கெழம கோழி. வர்றப்ப பஸ்ல போண்டா, எப்பவாச்சும்."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. காகிதத்தில் ஏதோ கோடு இழுத்தார். "அப்ப ராத்திரிச் சாப்பாடு ரெண்டு. ரெண்டாவது முடிஞ்ச உடனே தூக்கம். முதல்ல அந்த ரெண்டாவத நிறுத்துங்க. ஏழரை மணிச் சாப்பாட்டுல சோத்தக் குறைங்க, காய் கூட்டுங்க. நடங்க. மாத்திர எழுதித் தரேன். மிச்சத்த அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்து தெருவில் இறங்கினோம். அவள் முன்னால் நடந்தாள். கரும்பு ஜூஸ் மெஷின் மணியோசையோடு சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் நின்றாள்.

"எட்டு வருசம்."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எட்டு வருசமா என்னிய டபாய்ச்சிக்கினு இருந்துக்கீறீங்க."

"டபாய்க்கல. நீ தட்ட வச்சிக்கினு காத்துக்கினு இருந்த. எப்டி சொல்றது?"

"கோழி" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இங்க நான் கொழம்புல ஒரு துண்டு பெருசாக் கெடந்தா எடுத்து தனியா வெக்கறது, மனுசன் பசியோட வருவாருன்னு. அங்க கோழி."

கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு ஷேர் ஆட்டோ எங்களுக்காக நின்று பார்த்துவிட்டுப் போனது.

"நானுந்தான்" என்றாள் திடீரென்று.

"இன்னா நீயும்?"

"எட்டு மணிக்கு பொண்ணோட ஒக்காந்து சாப்ட்ருவேன். நின்னு நின்னு வர்றது, பசி தாங்கல. அப்பால பன்னெண்டுக்கு ஒங்களோட இன்னொரு வாட்டி. தனியா ஒக்காந்தா ஒங்களுக்கு எறங்காதேன்னு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யூனிபார்ம் ரெண்டு தபா மாத்தி வாங்கிட்டேன். ஒங்ககிட்ட தண்ணில சுருங்கிட்ச்சுன்னு சொன்னேன்."

பசிக்காத இரண்டு பேர், எட்டு வருடம், மற்றவர் பசிக்காகச் சாப்பிட்டிருக்கிறோம். ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. ஜூஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்து இரண்டு கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவள், போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ரெண்டு பேர் மேட்டரும். அப்பா சட்டையில ராத்திரி வரும்போதே சாம்பார் கறை இருக்கும். நீ எங்கூட சாப்பிடறப்பவே அப்பா தட்ட எடுத்து வெப்ப. சொன்னா சண்ட வரும்னு கம்முனு இருந்தேன்."

மறுநாளிலிருந்து பன்னிரண்டு மணிச் சோற்றை நிறுத்தினோம். அவள் பத்து மணிக்கே படுத்துவிட வேண்டும், நான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும். எளிதான ஏற்பாடுதான். கேன்டீனில் சோற்றைப் பாதியாக்கினேன். பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்தாமல் போட, தட்டை இழுத்துக்கொண்டேன். ரிக்கர் எதிரில் உட்கார்ந்து என் தட்டை உற்றுப் பார்த்தார்.

"இன்னா மச்சான், எதுனா வேண்டுதலா?"

"டயட்."

"ஆண்டவா. இந்தா, என் பொரியலையும் நீயே துன்னு. நான் ஒன் சோத்தப் பாத்துக்கறேன்."

தினமும் அப்படியே மாற்றிக்கொண்டோம். பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர்கள் போண்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிறபோது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண்ணெயும் காகிதமும் சேர்ந்த அந்த வாசனை தலைக்கு மேலே மிதந்து போகும். வண்டலூர் சாலையின் விளக்குகளை எண்ணிக்கொண்டு வருவேன். முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. பெருமையாக இருந்தது. ஏணியில் நிற்கிற படி இருபத்தாறிலிருந்து முப்பதுக்குப் போயிருந்தது.

ஆனால் வீடு இருட்டாக இருந்தது. செருப்புச் சத்தம் வராமல் நுழைவேன். ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்கும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள், உண்மையாகவே தூக்கம், பாவம், ஐந்து மணிக்கு எழ வேண்டியவள். காலையில் நான் கண் விழிக்கிறபோது போனில் செய்தி இருக்கும். கேஸ் வந்துச்சு. பால் ஃப்ரிட்ஜ்ல. பொண்ணுக்கு பஸ் பாஸ் எடுக்கணும். ஷிப்ட் மாறுகிறபோது அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைக்கிற குறிப்பு மாதிரி. எடை குறைந்தால் சரி என்று இருந்தேன். அடுத்த பி ஷிப்ட் முறையும் அப்படியே போனது. ஃப்ரிட்ஜில் ஒரு மைசூர்பாகு டப்பா நான்கு நாளாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கிறபோதெல்லாம் அதைப் பார்த்து, தொடாமல் கதவைச் சாத்தி, எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

அந்த முறையின் இரண்டாவது வாரம். திங்கட்கிழமை. ஏணியடியில் ரிக்கர் வழி மறித்தார்.

"இன்னா மச்சான், தங்கச்சி லைன் லீடர் ஆயிட்ச்சாமே. ஸ்வீட் எங்க?"

"யார் சொன்னது?"

"என் தம்பி பொண்டாட்டி அதே பில்டிங்தான? போன வியாழனே ஆயிட்ச்சாம். இன்னா நீ, தெரியாத மாதிரி முழிக்கிற?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். முப்பதாவது படியில் நிற்கவில்லை. கோபத்திலா, வெட்கத்திலா தெரியவில்லை, ஒரே மூச்சில் கேபினுக்கு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்று ஐந்தரை மணிக்கு வெளிச்சம் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தக் கூண்டைக் காப்பாற்றுவதற்காக இத்தனையும் செய்தேனோ, அதிலேயே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் நடந்த ஒரு நல்ல காரியம் எனக்கு மண்ணூர் வழியாகத்தான் வந்து சேர வேண்டுமா என்று யோசித்தேன்.

அன்று இரவு ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தேன். எட்டுத் துண்டில் மூன்று போயிருந்தன. மீதி ஐந்தும் எனக்காகத்தான் இருந்திருக்கின்றன. விளக்குப் போடாமல், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே ஒன்றைத் தின்றேன். இரண்டாவதைத் தின்றேன். நெய் உறைந்து மெழுகு மாதிரி இருந்தது, இருந்தும் நிறுத்தவில்லை. நான்காவது கையில் இருக்கிறபோது பின்னால் குரல் கேட்டது.

"இன்னா பண்றீங்க இருட்டுல?"

"நீ லீடர் ஆயிட்டியாமே."

அவள் விளக்கைப் போட்டாள். கூந்தல் அவிழ்ந்து, கண் பாதி மூடி, சுவரில் சாய்ந்து நின்றாள். "யாரு சொன்னாங்க?"

"ரிக்கரு. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்றது? நீங்க வர்றப்ப நான் தூங்கணும்னு முடிவாயிட்ச்சே."

"மெசேஜ் போட்ருக்கலாமில்ல?"

"எப்டி? கேஸ் வந்துச்சு, பால் கீது, நான் லீடர் ஆயிட்டேன். அப்டியா?"

கையில் இருந்த துண்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் வந்து அதை வாங்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு இருந்தேன். நீங்க தூங்கிட்டீங்க, அப்பால ஒங்க அக்கா வந்துட்டாங்க. ஸ்வீட்ட பாத்தாவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

கூடத்தில் உட்கார்ந்தோம். பழைய இடம், நடுவில் தட்டு மட்டும் இல்லை. பேச வேண்டியது நிறைய இருந்தும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. என் வலது கை தரையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அவள் கையும் அப்படித்தான், நைட்டியின் விளிம்பை மடித்து மடித்துப் பிரித்தது. எட்டு வருடம் கை ஒரு பக்கம் பிசைய, வாய் மறுபக்கம் பேசிப் பழகியிருக்கிறோம். கை சும்மா இருந்தால் எங்களுக்கு வாய் திறக்காது போலிருக்கிறது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவ்வளவுதான், சோறு எடுத்துவரப் போகிறாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அவள் எடுத்து வந்தது செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு முருங்கைக்கீரை. காலையில் பொரியலுக்கு வாங்கி வைத்தது. நடுவில் தாளை விரித்து, பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"ராத்திரில கீரையாடி?" என்றேன்.

"ராத்திரில துன்னக்கூடாதுன்னுதான் சொல்லிக்கீறாங்க. ஆயறதுக்கு யாரும் வேணான்னு சொல்லல. உருவுங்க. காம்பு வராம."

உருவினேன். சின்ன இலைகள், கண்ணிமை அளவுதான். விரலுக்கு நடுவே காம்பை இழுத்தால் சரசரவென்று கொட்டும். பச்சை வாசனை கூடத்தில் எழுந்தது. முதல் கொத்து முடியுமுன் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். முப்பது பேரை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆறு பேர் இந்திக்காரப் பெண்கள், அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் நாள் கையைப் பிடித்துச் செய்து காட்டியிருக்கிறாள். அதில் ஒருத்தி அவளை "தீதி" என்கிறாள், அப்படியென்றால் அக்காவாம். பழைய லீடர் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்வாள், இவளுக்கு உட்காரக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிக்கொண்டே போனாள். கீரை முடிந்தது. எழுந்துபோய்ப் பூண்டு எடுத்து வந்தாள். அதையும் உரித்தோம்.

ஒரு மணி ஆகிவிட்டது. எழுந்திருக்கிறபோதுதான் கவனித்தேன், வயிறு எதையும் கேட்கவில்லை.

அப்படியே பழக்கமாயிற்று. அவள் பத்துக்குப் படுத்து, என் பஸ் ஹாரனுக்கு எழுந்துகொள்வாள். அரை மணி உட்கார்ந்துவிட்டு மீண்டும் படுப்பாள். துண்டுத் தூக்கம் அவளுக்குக் கெடுதி என்று நான் சொல்லிப் பார்த்தேன், "அது என் பாடு" என்றுவிட்டாள். அவரைக்காய்க்கு நார் எடுத்தோம். சின்ன வெங்காயம் உரித்தோம், கண்ணீரோடு. மொச்சைக்காய் உரித்த இரவில் அவள் கம்பெனி முழுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. என்றாவது பசித்தால் ஆளுக்கு ஒரு தம்ளர் நீர்மோர். வாரத்தில் ஒரு நாள் உரிக்க ஒன்றும் இல்லாமல் போகும். அப்போது மகளுடைய துணியை மடித்து வைப்போம்.

"எங்க காலேஜ்ல யார் வூட்லயும் நைட்டு பன்னெண்டு மணிக்கு வெங்காயம் உரிக்க மாட்டாங்க" என்றாள் மகள், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த ஓர் இரவில். சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்து நான்கு வெங்காயம் உரித்தாள்.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை கோழியை இரண்டு தடவை வாங்கினேன். மழை பெய்த ஓர் இரவு பஸ்ஸில் போண்டாப் பொட்டலம் என் மடிக்கே வந்துவிட்டது, மூன்று தின்றேன். மாற்றம் என்னவென்றால், அதைப் பூண்டு உரிக்கிறபோது அவளிடம் சொன்னேன். "சூடா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். காலையில் போய் மதியம் திரும்புகிற ஏ ஷிப்ட் வாரங்களில், வெயில் தாழ்ந்ததும் இருவரும் மலைக்கோவில் படிக்கட்டில் ஏறினோம். சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இறங்கி வருகிறபோதும் தாண்டிப் போனார்கள். போகட்டும்.

மூன்று மாதம் முடிந்தது. ஆடிக்காற்றில் டாக்டரம்மாவின் வாசல் போர்டு ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் காத்திருந்த முக்கால் மணி நேரமும் ஐந்தரை மணி வெளிச்சமும் சன்னல் இல்லாத அறையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. இரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். என்னை மெஷினில் ஏறச் சொன்னார்.

"தொண்ணூறு. ஆறு கிலோ." பேனாவைத் திறந்தார். "நான் எதிர்பாத்தது இன்னும் கொஞ்சம். பரவால்ல. சர்க்கரை எல்லைக்குள்ள வந்திருச்சு. மாத்திர அப்படியே இருக்கட்டும்."

"லெட்டர் டாக்டர்?" என்று மனைவிதான் கேட்டாள்.

"அதத்தான் எழுதறேன்." எழுதிக்கொண்டே சொன்னார்: "கிரேன் ஓட்டலாம். ஆறு மாசத்துல மறுபடி பாக்கணும். அப்ப எண்பத்தஞ்சு இருக்கணும், சரியா?"

காகிதம் என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி, கீழே முத்திரை. மை காயட்டும் என்று விரித்தே பிடித்திருந்தேன். இன்னும் ஆறு மாதத்துக்கு என் இடம் மேலேதான் என்று அதில் எழுதியிருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் என் மனைவி தன் கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். வளையலையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள்.

"டாக்டர், எனக்கும் ஒரு வாட்டி பாத்துடுங்க. சர்க்கரையும் எழுதிக் குடுங்க. இப்ப முப்பது பேர் எங்கையில கீறாங்க."

"ஏறுங்க."

அவள் மெஷின் அருகே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அந்தாண்ட திரும்புங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்னால் மெஷின் ஒரு தடவை கூவியது. டாக்டரம்மா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார், அவள் "அவ்ளோவா" என்றாள், பிறகு இருவரும் ஏதோ பேசினார்கள், காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

தெருவுக்கு வந்த பிறகும் நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற திருப்பம் வரைக்கும் பொறுத்தாள்.

"எவ்ளோ வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொன்னா கேட்டுக்கறேன்."

"இப்ப வேணாம்." கடிதம் மடிந்துவிடாமல் என் கையில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாளையிலேந்து ஒங்களுக்கு பி ஷிப்ட்தான? மார்க்கெட்ல வாழப்பூ வாங்கிக்கினு போலாம். அது உரிக்க நேரம் புடிக்கும். அப்ப சொல்றேன்."